கிணற்றடி வரைக்கும்

கலைப்பிரியா வல்லத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை கம்பெனிக்கு வேலை பார்த்தாள். மேனேஜரின் தொல்லை தாங்காவிட்டால் புல் அறுக்கும் சாக்கில் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அங்கே மட்டும் சிக்னல் எட்டாது.

அன்று அங்கே அவள் கணவன் வல்லரசு ஏணி மேல் நின்றிருந்தான்.

“இங்க வந்தா உனுக்கு நெட்டு கட்டாவுதுல்ல? அதான் இந்த வைஃபை பொட்டிங்கள வாங்கினு வந்தேன். பொட்டிக்கு நாலு ஆன்டெனா. வூட்ல ஒண்ணு, மாட்டுக்கொட்டாய்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. ஒண்ணுகிட்டேர்ந்து ஒண்ணு சிக்னல வாங்கிக்கும்.”

அவளுக்குப் பகீரென்றது. “திருப்பிக் குடுத்துடுங்க. மாடு குறுக்க நின்னாலே கட்டாயிடும்.”

“ஆவாதாம். ஒரு ஆன்டெனா மறைஞ்சா இன்னொண்ணு புடிச்சிக்குமாம். கடைக்காரரே சொன்னாரு.”

அதற்குள் போன் அடித்தது. வீடியோவில் மேனேஜர்.

“கிணத்தடியிலயா இருக்கீங்க? இவ்ளோ தெளிவா தெரியுது!”

வல்லரசு பெருமையாகப் பெட்டியைக் காட்டினான்.

“அட, நம்ம கம்பெனி பெட்டி! இனிமே ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல இருந்தும் நீங்க தப்ப முடியாது கலைப்பிரியா” என்று மேனேஜர் சிரித்தார். “மாடு குறுக்க நின்னாலும் கட் ஆகக் கூடாதுன்னு அடம்பிடிச்சு இத டிசைன் பண்ணதே நீங்கதானே!”