துடைப்பத்துக்கு ஓர் ஆணி

பல்கலைக்கழக அலுவலகப் பொருள்களின் சங்கத் தேர்தலில் சுவர்க்கடிகாரம் ஜெயித்தது. கதவு மூலையில் நின்ற துடைப்பம் மட்டும் ஓட்டுப் போடவில்லை.

"நான் தினக்கூலி அண்ணே. எனக்கேது ஓட்டு?"

"ஓட்டில்லாட்டி என்ன, உனக்கும் சேர்த்துத்தான் நான். உனக்காக என்ன கேட்கட்டும்?" என்றது கடிகாரம்.

துடைப்பம் கூசியது. "தொங்க ஓர் ஆணி. நின்று நின்று ஈர்க்கெல்லாம் வளைஞ்சுபோச்சு. இன்னும் வளைஞ்சா குப்பைமேடுதான்."

பதிவாளரின் மேசையிடம் கடிகாரம் மூன்று முறை போய்க் கேட்டது. "நிரந்தரப் பொருள்களுக்கு மட்டும்தான் ஆணி" என்றது மேசை.

மறுநாள் துடைப்பம் கண்விழித்தபோது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே, அதன் பழைய மூலையில், கடிகாரம் சாய்ந்திருந்தது.

"இது உங்க ஆணியாச்சே அண்ணே."

"இருக்கட்டும் தங்கச்சி. எனக்கு ஆணியில்லைன்னு இப்போ போய்ச் சொல்றேன். நான் நிரந்தரம், புதுசா ஓர் ஆணி அடிச்சுத்தானே ஆகணும்" என்று டிக்டிக்கென்று கிளம்பியது கடிகாரம்.