கறை போன சட்டை

“சலவைக்குப் போட்ட சட்டையைத் துவைச்சது ஒரு குத்தமாம்மா?”

சலவைக்கடைக்காரருக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. கறை போகவில்லை, பொத்தான் உடைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சட்டை சுத்தமாகிவிட்டது என்று வந்து நிற்பவர் இந்த அம்மாள்தான்.

அவர் சண்டை போடவும் இல்லை. மடிப்புக் கலையாத நீலச் சட்டையை முகத்தருகே கொண்டுபோவதும் கீழே வைப்பதுமாக இருந்தார். தான் வெளியே போயிருந்தபோது மருமகள் அழுக்குத் துணிகளோடு இதையும் அள்ளிப் போட்டுவிட்டாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்றார்.

“காலர்ல அழுக்கு அப்பிக் கிடந்துச்சு. வேர்வை நாத்தம் வேற. எல்லாம் போயிடுச்சா இல்லையா?”

“போயிடுச்சுப்பா,” என்றார் அந்த அம்மாள். “அதான்.”

“வேணும்னா உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. பார்த்துட்டு அவரே கை தட்டுவார்.”

அந்த அம்மாள் சட்டையின் காலரை விரலால் தடவினார்.

மூலையில் தேய்த்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். மிஷினில் அடைத்திருந்த துணிகளை வெளியே இழுத்துப் போட்டுத் தேடினாள். அந்த வீட்டுப் பையில் வந்த தலையணை உறை ஒன்று கிடைத்தது. இன்னும் தண்ணீர் படவில்லை.

“இது அவரோடதானான்னு பாருங்கம்மா.”

அந்த அம்மாள் உறையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதை விலக்கவேயில்லை. பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சட்டை மேசையிலேயே கிடந்தது.

கடைக்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. இறந்துபோனவர்களுடைய துணியைக் கட்டிக்கொண்டு அழுதால் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்களா என்று முணுமுணுத்தார். பிறகு மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

“அது சரி, அந்த அம்மா வாயைத் திறந்து சொல்லவேயில்ல. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

அவள் குனிந்து, இஸ்திரி மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். நூலும் பொத்தானும் வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் அவர் நினைத்திருந்தார்.

வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கவுன். நெஞ்சில் பால் கறை.

தங்கள் மகளை அடக்கம் செய்த மறுநாளே அவளுடைய துணிகளையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னவர் அவர்தான். அந்தக் கடைக்கு வந்து துவைக்கப்படாமல் இருந்த ஒரே துணி அது.