பின்பக்க இடது மூலை

கோன்யாவில் பட்டறை வைத்திருந்த துர்குத், இல்க்னூர் என்ற பெண் போன வாரம் வாங்கிய பழைய காரின் நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒவ்வொரு சுற்று அறுத்து, அவள் ஆசைப்படி வண்டியைத் தாழ்த்தினார். மூன்று மூலைகள் ஒரே உயரத்தில் நின்றன. பின்பக்க இடது மூலை மட்டும் நான்கு விரல் கூடுதலாக இறங்கியிருந்தது. ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் பூட்டினார். மறுபடியும் அதே மூலைதான் இறங்கியது. டிக்கியிலும் ஒன்றுமில்லை.

“மாமியாரைப் பின்னாடி உக்கார வெச்சிட்டு வந்துட்டியா, தங்கச்சி?”

“விளையாடாதீங்கண்ணே. நாலு மணிக்குப் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்.”

இருக்கையைப் பார்க்க அவர் பின்கதவைத் திறந்தார். வண்டி லேசாகக் குலுங்கியது. அந்த மூலை மெல்ல எழுந்து மற்றவற்றோடு சமமானது.

“ஏதோ சிக்கியிருந்திருக்கும்மா. இப்ப எடுத்துட்டுப் போ.”

இல்க்னூர் ஏறி, இடப்பக்கம் இருந்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் எடைக்கு வண்டியின் இடப்பக்கம் இறங்கியது. அவள் சாவியைத் திருகுவதற்குள் வலப்பக்கமும் அதே அளவு இறங்கியது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

அவள் சாவியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

“நான் பஸ்லயே போய்க்கிறேண்ணே.”

இருவரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடப்பக்கம் எழுந்திருந்தது. வலப்பக்கம் எழவில்லை.