மூன்றாம் பெட்டி

துப்பாக்கி சுடும் திடலில் தயாபரன் இலக்குத் தாள்களை மனைவி நிரூபாவின் முன்னால் எறிந்தான்.

"மூண்டாம் பெட்டித் தோட்டாவெல்லாம் ஒரே இடத்தில பட்டிருக்கு. அஞ்சாம் பெட்டி சிதறிப்போச்சு! மருந்தை ஒழுங்கா நிறுக்கத் தெரியாதோ? போன மாசப் போட்டியிலயும் உன்னாலதான் தோத்தனான்!"

மில்லிக்கன் பகுதியிலுள்ள தங்கள் வீட்டில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்புவது அவள்தான். எந்த அளவு சரியென்று பார்க்க, ஐந்து பெட்டிகளில் பெட்டிக்குப் பெட்டி அளவைக் கொஞ்சம் கூட்டச் சொல்லியிருந்தான்.

"அப்ப மூண்டாம் பெட்டிதான் சரியான அளவோ?"

"ஓம்! நாளையப் போட்டிக்கு அதையே நிரப்பு."

நிரூபாவுக்குக் கோபம் பொங்கியது.

"உங்கட ஏச்சுக் கேட்டு அலுத்துப்போய், இந்தமுறை அஞ்சு பெட்டிக்கும் ஒரே அளவுதான் போட்டனான். நம்பரை மட்டும் மாத்தி ஒட்டினனான். மருந்தை விட்டிட்டு, இனி உங்கட கையைப் பழக்குங்கோ!"