வெயில் பக்கத்துப் பதில்

நிழல் ஓர் ஆள் அகலம்தான் இருந்தது. தம்பி காலையிலிருந்து அதிலேயே நின்று, போவோர் வருவோரிடம் போனை நீட்டிக்கொண்டிருந்தான்.

“இந்தத் தெருவுல வெயில் எப்படி இருக்கு? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

கட்டடத்தை ஒட்டி ஒட்டி நடந்து வந்தவர்கள் எல்லோரும் பரவாயில்லை என்றார்கள்.

பார்சல் தூக்கிப் போன ஒருவர் மட்டும் சிரித்தார். “நிழல்ல நின்னுக்கிட்டு, நிழல்ல வர்றவங்ககிட்டயே வெயிலப் பத்திக் கேக்குறியே. நல்ல ஆளுப்பா!”

சுருக்கென்றது.

தெருவை அகலமாக்கியபோது மரங்கள் போய்விட்டன. எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். மேலேயிருந்து ஒரு வெயில், கண்ணாடியிலிருந்து இன்னொரு வெயில். அங்கே ஈ காக்கா கிடையாது.

அக்கா மட்டும் நின்றாள், தோண்டிப்போட்ட பள்ளத்தருகே, வண்டிகளை நிறுத்தி அனுப்பும் பலகையைப் பிடித்துக்கொண்டு. போன வாரம் அந்த இடத்தில்தான் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் தெரு, அடுத்த தெரு. இரண்டில் எதில் நிற்க முடியவில்லையோ அதற்குத்தான் மாநகராட்சியின் நிழற்பந்தல். அதை முடிவு செய்வது மக்கள் போனில் சொல்லும் பதில்தான். இன்று கடைசி நாள். வெயிலில் நிற்கிற ஒருவராவது வாய் திறக்காவிட்டால் பந்தல் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

வேலை நேரத்தில் பேசவிடாத மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். தம்பி சாலையில் இறங்கினான். செருப்பு தாரில் ஒட்டி ஒட்டி வந்தது.

பள்ளத்துக்குள் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. போனை அக்காவின் வாயருகே கொண்டுபோனான்.

“அக்கா, வெயில் எப்படி இருக்கு? சீக்கிரம் சொல்லு.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காய்ந்த உதட்டை நாக்கால் ஈரமாக்கினாள். தொண்டையைச் செருமினாள்.

“வெயிலே தெரியலம்மா. காத்து சிலுசிலுன்னு வருது. நீ கவலப்படாத.”

அவன் பதறிப்போய் அதை அழிக்க விரலைக் கொண்டுபோவதற்குள் போன் டிங் என்றது. பேச்சு நின்றால் பதில் தானாகப் போய்விடும். ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான்.

அவள்மேல் தப்பில்லை. ஊரைவிட்டு வந்த நாள் முதலாக, தினமும் இந்த நேரத்தில் இப்படித்தான் போனை நீட்டுவான், அவள் குரலை ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்ப.

அக்காவின் முகம் மறுபடி தொங்கிப்போயிருந்தது. பலகையைத் திருப்பி, காத்திருந்த வண்டிகளை அனுப்பினாள்.

“போயிருச்சாடா?”

“போயிருச்சுக்கா.”