விரலுக்குத் தெரிந்த நம்பர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சின்னக் கதைதான், உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து தனியாக நண்டு வலைக்குப் போன பிராங்க்ளின், இரண்டு நாள் கழித்துக் கோடியக்கரைப் பக்கம் கரையேறி ஒரு டீக்கடை முன்னால் நின்றான்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தபோது சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் போனது. அப்புறம் காற்று இழுத்த பக்கமெல்லாம் படகு.

கடைக்காரர் டீயைக் கொடுத்தார். தன் போனையும் கொடுத்து, முதலில் வீட்டுக்குச் சொல்லுப்பா என்றார்.

பெண்டாட்டி சுடர்விழியின் நம்பர் என்ன?

தொண்ணூற்றி நாலில் தொடங்கும். நடுவில் ஒரு ஏழா, இரண்டு ஏழா? அவன் அதை ஒருநாளும் அழுத்தியதில்லை. போனில் அவள் படத்தைத் தொட்டால் போதும், அவள் பேசுவாள்.

ஒரு தடவை போட்டான். யாரோ ஒரு அம்மா எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். மறு தடவை போட்டான். அப்படி ஒரு நம்பரே இல்லையாம்.

அடையாளமே இல்லாத கடலில் போட்ட வலையைத் தப்பாமல் போய் எடுக்கிறவன். பெண்டாட்டி நம்பர் வரவில்லை. அவளோ ஏழு மாத வயிற்றோடு நேற்றிலிருந்து கரையில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

யோசிப்பதை விட்டுவிட்டு டீயை ஒரு வாய் குடித்தான்.

அது பட்டன் போன். கட்டைவிரல் தானாக நகர்ந்தது. பத்து எண்ணும் தடங்கலில்லாமல் விழுந்தன.

பார்த்தால், அண்ணன் மரியசெல்வத்தின் நம்பர்.

இருவரும் ஒரே படகில் போன காலத்தில், தினமும் விடியலில் அழுத்தியது. படகைப் பங்கு பிரித்த அன்று வாய்ச்சண்டை முற்றியது. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. தெருவில் எதிரே வந்தால்கூட ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். அண்ணன் புது நம்பர் வாங்கிவிட்டதாகவும் ஊரில் பேச்சு.

அழித்துவிடலாம் என்றுதான் விரல் போனது. கரையில் நிற்பவளை நினைத்துப் பச்சைப் பட்டனை அழுத்தினான்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

பிராங்க்ளின் வாய் திறப்பதற்குள் அண்ணனின் குரல் வந்தது.

"பிராங்க்ளினாடா? ஒனக்கு வேற எந்த நம்பரும் நெனப்பு வராதுன்னுதான் ரெண்டு நாளா இந்தப் பழைய போனைக் கையிலயே வச்சிருக்கேன். இரு, சுடர்விழிப் புள்ள இங்கிட்டுதான் நிக்கிது, குடுக்குறேன்."

உங்கள் வீட்டிலும், யார் எங்கே போய்த் தவித்தாலும், முதல் மணியிலேயே எடுக்க ஓர் ஆள் இருக்கட்டும்.