மலைவேந்தரின் வண்டி ஆடுகிறது

“மனுஷங்க ரெண்டு வகை. ரோடு இருக்கிற இடத்துல போறவன் ஒருத்தன். ரோடே இல்லாத இடத்துல போறவன் இன்னொருத்தன். நான் ரெண்டாவது!”

இப்படி முழங்கிவிட்டு, கயிறு கட்டிக் கீழே இறக்கியிருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் துழாவினார் மலைவேந்தர். கால் எட்டவில்லை. மெக்கானிக் வந்து முக்காலியை நகர்த்தி வைத்த பிறகே அவரால் ஜீப்பைவிட்டு இறங்க முடிந்தது.

மலைவேந்தர் என்பது கரடுமுரடுப் பயணச் சங்கம் அவருக்குக் கொடுத்த பட்டம். சங்கத்தின் தலைவர், செயலாளர், பட்டம் வழங்கும் குழு எல்லாமே அவர்தான். ஜீப்பை ஆறு அங்குலம் உயர்த்தி, டிராக்டரே பொறாமைப்படும் டயர்களை மாட்டியிருந்தார். கதவு வரைக்கும் சேறு அப்பிக் காய்ந்திருந்தது.

“வண்டிக்கு என்ன சார்?”

“அறுபதைத் தாண்டினா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. உதறுது. நான் நேராப் பிடிச்சா அது பக்கவாட்டுல ஓடுது. சில நாள் பேயாட்டம், சில நாள் ஒண்ணுமே இல்ல.”

“அவரை மாதிரியேதான். எப்ப எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது” என்றார், உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி.

மலைவேந்தர் அதைக் கேட்காத மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாளைக்குச் சங்கத்தோட முதல் ஊர்வலம். ஒன்பது வண்டி என் பின்னாடி வருது. முன்னாடி போற வண்டி குடிகாரன் மாதிரி தள்ளாடினா என் மானம் கப்பலேறிடும்.”

“நானும் போறேன்” என்றார் மனைவி. “பதினோரு ஞாயித்துக்கிழமை தனியாவே போய்ப் பதினோரு மலை ஏறிட்டு வந்திருக்காரு. நாளைக்காவது கூடப் போய்ப் பார்க்கலாம்னுதான். ஆனா ஆட்டம் நின்னாத்தான் ஏறுவேன்.”

மெக்கானிக் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நழுவினார். “மேடம், நீங்க டிரைவர் சீட்டுக்கு மாறி, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுங்க. எங்க லூஸ்னு பார்க்கிறேன்.”

மனைவி ஆட்டினார். மலைவேந்தர் ஆடாமல் நின்று, உயர்த்திய வண்டியின் தத்துவத்தைக் கீழே தெரிந்த இரண்டு செருப்புகளுக்கு விளக்கினார்.

“உயர்த்தும்போது முன் அச்சோட சாய்வு மாறிடும் சார். அதைச் சரி பண்ணலேன்னா வண்டி இப்படித்தான் அலையும்” என்றது அடியிலிருந்து குரல். “ஆனா இதுல பண்ணியிருக்காங்க. போல்ட் எல்லாம் இறுக்கமா இருக்கு. ஜாயின்ட்டும் நல்லா இருக்கு.”

“பெரிய கோளாறா இருக்கும். நல்லாப் பாருங்க. சாதாரண வண்டி இல்ல இது.”

ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே மனைவி பேச்சுக் கொடுத்தார். “பெருச்சாளிக்கு ஏதாவது மருந்து இருக்காங்க? எங்க மாடித் தோட்டத்துல வாரம் ஒரு தொட்டியைக் குடைஞ்சு வெச்சுடுது. போன வாரம் தக்காளி. மூணு மாடி ஏறி வருதாம், இவர் சொல்றாரு.”

“பொறி வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்ல? இப்ப ஜீப்பைப் பத்திப் பேசு.”

மெக்கானிக் வெளியே வந்தார். டயர்களில் காற்று பார்த்தார். அதுவும் சரி. தலையைச் சொறிந்துகொண்டார்.

“சார், எந்தக் கிழமை ஆட்டம் ஜாஸ்தி?”

“திங்கள்… ஆமா, திங்கள்தான். வெள்ளிக்குள்ள கொஞ்சம் அடங்கிடும். எப்படிய்யா கண்டுபிடிச்சே?”

மெக்கானிக் குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டார். “இங்க பாருங்க. உள்ளே ஒரே பக்கமா ரெண்டு கிலோ சேறு கட்டியாப் பிடிச்சிருக்கு. வேகமாச் சுத்தும்போது அந்தக் கனம்தான் ஸ்டியரிங்கை உதறுது. ஓட ஓடக் கொஞ்சம் உதிருது, அதான் வெள்ளிக்கிழமை அடங்குது. கழுவினா போதும்.”

“கழுவறதா!” மலைவேந்தர் கைகளை விரித்து ஜீப்பை மறைத்தார். ஜீப் மறையவில்லை. “அது சேறு இல்லய்யா, சரித்திரம்! பதினோரு மலையோட மண்ணு! நாளைக்கு ஒன்பது பேர் பார்க்கப் போறாங்க.”

“வெளியே இருக்கிற சரித்திரம் அப்படியே இருக்கட்டும் சார். உள்ளே இருக்கிறதை மட்டும் எடுத்துடறேன்.”

“வேணாம். ஸ்டியரிங் பெட்டியையே புதுசா மாத்திடுங்க.”

“நல்லா இருக்கிறதை எதுக்குங்க மாத்தணும்?” மனைவி முக்காலியில் கால் வைத்து இறங்கி வந்தார். “நீங்க எடுங்க. ரெண்டு கிலோ மண்ணுக்காக நான் உசுரை விட முடியாது.”

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். கட்டி அசையவில்லை.

“மலைச் சேறு ரெண்டு நாள்ல தானா முழுசா உதிர்ந்துடுமே சார். இது என்ன, பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கு?”

“அது… ரொம்ப உயரமான மலை” என்றார் மலைவேந்தர். அவர் கண் வாசலைப் பார்த்தது.

மெக்கானிக் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கட்டி பெயர்ந்து, மனைவியின் காலடியில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஏதோ மஞ்சளாக நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி அதை உருவியெடுத்து, கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தார்.

சின்ன பிளாஸ்டிக் அட்டை. அதில், “தொட்டி எண் 11. தக்காளி. யாரும் தொடக் கூடாது” என்று எழுதியிருந்தது.

கையெழுத்து மனைவியுடையதுதான்.